விதைப்பவனைப் பின்தொடர்ந்தால்: வான்கோவின் நிறங்கள் எப்படி மாறின?

ஓர் ஓவியர் பத்து ஆண்டுகளில் வரைந்த படங்களை வரிசையாக வைத்தால் நிறம் மாறியிருப்பது யார் கண்ணுக்கும் தெரிந்துவிடும். வின்சென்ட் வான்கோ விஷயத்தில் அது பட்டவர்த்தனம். 1885இல் அடுப்படிக் கரி படிந்த சுவர் போன்ற பழுப்பு. 1888இல் கண் கூசும் மஞ்சள். ஏன் இப்படி மாறியது என்று கேட்டால் உடனே ஒரு பதில் வரும்: அப்போது வறுமை, அதனால் இருட்டு, பிறகு மனநோய், அதனால் மஞ்சள். படம் பார்க்கப் பழகிய புதிதில் நானும் இதைத்தான் நம்பினேன். இப்போது இந்தப் பதிலைக் கேட்டால் வருத்தமாக இருக்கிறது. நிறத்துக்காக அந்த மனிதர் பட்ட பாடு அத்தனையையும் அது ஒரே வீச்சில் அழித்துவிடுகிறது.

நிறம் மாறுவதைச் சரியாகப் பார்க்க, மாறாத ஒன்று கையில் இருக்க வேண்டும். வீட்டில் பிள்ளைகளை வருஷா வருஷம் ஒரே கதவு நிலையில் சாய்த்து நிறுத்திப் பென்சிலால் கோடு போடுவோம். நிலை அப்படியே இருப்பதால்தான் பிள்ளை வளர்ந்தது தெரிகிறது. ஓவியத்தில் அந்தக் கதவு நிலையின் வேலையைச் செய்வது, ஓவியர் திரும்பத் திரும்ப வரையும் உருவம். மோட்டிஃப் என்று சொல்வார்கள். ஒருமுறை வரைந்த மரம் வெறும் மரம். அதே மரத்தை ஐந்து வருஷம் கழித்து, வேறு ஊரில், வேறு வெயிலில் மறுபடியும் வரைகிறார் என்றால் அந்த மரத்தோடு அவருக்கு முடியாத கணக்கு ஏதோ இருக்கிறது என்று பொருள்.

வான்கோவிடம் அப்படித் திரும்பி வரும் உருவங்கள் பல உண்டு. தேய்ந்த பூட்ஸ், சூரியகாந்தி, சைப்ரஸ் மரம், கோதுமை வயல். நான் இங்கே எடுத்துக்கொள்வது வயலில் விதை தெளித்துக்கொண்டே நடக்கும் ஒரு மனிதனை. சூரியகாந்தி அளவுக்கு அவன் பிரபலம் இல்லை. ஆனால் வான்கோ பென்சில் பிடித்த நாட்களிலேயே வந்து சேர்ந்து, ஏறக்குறைய கடைசிவரை கூடவே நடந்தவன் அவன்தான்.

நிறமில்லாமல் வந்தவன்

வான்கோ 1853இல் நெதர்லாந்தின் தெற்கே ஸுண்டர்ட் என்ற ஊரில் பிறந்தார். அப்பா புராட்டஸ்டன்ட் பாதிரியார். ஓவியங்கள் விற்கும் நிறுவனத்தில் வேலை, பள்ளியில் வேலை, புத்தகக் கடையில் வேலை, பெல்ஜியத்தின் நிலக்கரிச் சுரங்கப் பகுதியில் ஊழியம் என்று எல்லாம் பார்த்துவிட்டு, 1880இல், தன் 27ஆம் வயதில்தான் ஓவியராவது என்று முடிவெடுத்தார். 1890 ஜூலையில் இறந்துவிட்டார். இனி நாம் பேசப்போவதெல்லாம் இந்தப் பத்து வருஷத்துக்குள் நடந்தது.

கற்றுக்கொள்வதற்கு அவர் பிடித்த வழி, பெரிய ஓவியர்களின் அச்சுப்படங்களைப் பார்த்து அப்படியே வரைவது. அதில் அவர் மனம் போய் ஒட்டிக்கொண்டது ழான் பிரான்சுவா மிலேவிடம். பிரான்சின் நார்மண்டியில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர் மிலே. 1850இல் அவர் வரைந்த 'விதைப்பவன்' இன்று அமெரிக்காவில் பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. சரிவான வயலில் ஓர் ஆள் நீள நீளமாக அடிவைத்து இறங்கி வருகிறான். தொப்பி நிழலில் கண்கள் மறைந்திருக்கின்றன. தோளில் விதைப்பை தொங்குகிறது. வலது கை பின்னால் வீசியிருக்கிறது. ஏழை உழவன் ஒருவன் படம் முழுக்க நிறைந்து நிற்கிறான்.

வான்கோவின் கையில் இருந்தது அந்த ஓவியத்தின் கறுப்பு வெள்ளை அச்சு. 1881 ஏப்ரலில் அதைப் பார்த்து அவர் வரைந்த படம் ஆம்ஸ்டர்டாமின் வான்கோ அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அச்சிலிருந்த சன்னக் கோடுகளையும் விடாமல் பேனாவால் நெருக்கி நெருக்கி இழுத்திருக்கிறார். மாணவனின் கை அது; கொஞ்சம் விறைப்பு. ஒன்றை மட்டும் இங்கே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். விதைப்பவன் வான்கோவிடம் வந்து சேர்ந்தபோது அவனுக்கு நிறமே இல்லை.

இந்த உருவம் ஏன் இவரை இப்படிப் பிடித்துக்கொண்டது? விதைக்கிறவனின் உவமை பைபிள் படித்த எல்லோருக்கும் தெரியும். வழியோரம் விழுந்த விதை, பாறையில் விழுந்த விதை, முள்ளில் விழுந்த விதை, நல்ல நிலத்தில் விழுந்த விதை. பாதிரியார் வீட்டில் அதைக் கேட்டே வளர்ந்து, தானும் ஊழியத்துக்குப் போய், அது நீடிக்காமல் திரும்பியவர் வான்கோ. பிரசங்க மேடையில் நிற்க முடியாமல் போன மனிதர் வயலில் அந்த மேடையைத் தேடினார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. ஹேக் நகரில் இருந்தபோதும், பிறகு நியூனன் கிராமத்தில் இருந்தபோதும் விதைப்பவனை மறுபடி மறுபடி வரைந்திருக்கிறார். அவன் நடை மெல்ல மெல்லக் கைக்கு வந்தது. நிறம் மட்டும் இன்னும் வரவில்லை.

கலந்தால் சேறு, பக்கத்தில் வைத்தால் தீ

1885இல் நியூனனில் வரைந்த 'உருளைக்கிழங்கு உண்பவர்கள்' படத்தைப் பாருங்கள். மேசை மேல் ஒற்றை விளக்கு. ஐந்து பேர் சுற்றி உட்கார்ந்து கிழங்கு சாப்பிடுகிறார்கள். எங்கே பார்த்தாலும் பழுப்பும் பச்சையேறிய கறுப்பும்தான். அவர் வறுமையில் இருந்ததால் தானாக வந்த இருட்டு இது என்றால் விஷயம் எளிது. ஆனால் அவர் கடிதங்கள் வேறு கதை சொல்கின்றன. அவர் எழுதியவற்றில் எண்ணூறுக்கும் மேற்பட்ட கடிதங்கள் நமக்குக் கிடைத்திருக்கின்றன. பெரும்பாலானவை தம்பி தியோவுக்கு எழுதியவை. அதில் ஒன்றில் சொல்கிறார்: முகங்களை முதலில் காவி மஞ்சளும் காவிச் சிவப்பும் வெள்ளையும் சேர்த்துப் பூசிப் பார்த்தேன், ரொம்ப வெளிச்சமாகிவிட்டது, உடனே எல்லாத் தலைகளையும் மறுபடி பூசினேன், தோல் உரிக்காத, மண் ஒட்டிய உருளைக்கிழங்கின் நிறத்துக்குக் கொண்டுவந்தேன் என்று. அதாவது அந்தப் பழுப்பு அவர் தேடிப் பிடித்த நிறம். தோண்டிய கையே தின்கிறது என்பதைச் சொல்ல, முகத்தையும் கிழங்கின் நிறத்தில் வைத்தார். அந்தப் படத்தில் வெள்ளையாகத் தெரியும் துணிகூட வெள்ளை கிடையாது. சிவப்பும் நீலமும் மஞ்சளும் கலந்த சாம்பல். விளக்கின் பக்கத்தில் இருப்பதால் நமக்கு வெள்ளையாகத் தெரிகிறது.

இங்கே கொஞ்சம் நின்று, நிறத்தின் அடிப்படை விதி ஒன்றைப் பார்த்துவிடலாம். இது புரிந்தால் மீதிக் கதை தானாகப் புரியும்.

பளிச்சென்ற மஞ்சள் தாள் ஒன்றை எடுத்து முப்பது வினாடி கண் சிமிட்டாமல் பாருங்கள். பிறகு சட்டென்று வெள்ளைச் சுவரைப் பாருங்கள். சுவரில் மங்கலான நீல ஊதா நிறத்தில் ஒரு திட்டு மிதக்கும். மஞ்சளைப் பார்த்துக் களைத்த கண் அதன் எதிர் நிறத்தைத் தானே உண்டாக்கிக்கொள்கிறது. மஞ்சளுக்கு எதிர் ஊதா, நீலத்துக்கு எதிர் ஆரஞ்சு, சிவப்புக்கு எதிர் பச்சை என்று ஓவியர்கள் மூன்று ஜோடிகளாக வைத்துக்கொண்டார்கள். எதிர் நிறங்கள் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒன்றை ஒன்று தூக்கிவிடும். பட்டுச்சேலைக் கடையில் மாம்பழ மஞ்சள் உடலுக்குக் கத்தரிப்பூ பார்டர் வைத்த சேலையைப் பிரித்துப் போட்டால் மஞ்சள் ஒரு படி ஏறித் தெரியும், கவனித்திருப்பீர்கள். நெசவாளர்களுக்கு இது கைப்பழக்கத்தில் வந்த அறிவு.

ஐரோப்பாவிலும் இது தறியிலிருந்துதான் ஓவியத்துக்குப் போனது. பாரிஸில் கோபலன் என்று அரசாங்கத்தின் திரைச்சீலை நெசவுக்கூடம். அங்கே சாயப் பிரிவுக்குத் தலைவராக இருந்தவர் மிஷெல் ஷெவ்ரல் என்ற வேதியியலாளர். கறுப்பு நூல் சரியாகக் கறுக்கவில்லை, சாயம் மட்டம் என்று அவரிடம் புகார் வந்தது. அவர் சாயத்தைச் சோதித்தார். அதில் குறை எதுவும் இல்லை. நீலத்துக்கும் ஊதாவுக்கும் பக்கத்தில் நெய்திருந்ததால்தான் கறுப்பு வெளுத்துத் தெரிந்தது. ஒரு நிறத்தின் தோற்றத்தைப் பக்கத்து நிறம் தீர்மானிக்கிறது என்பதை அவர் விரிவாக ஆராய்ந்து 1839இல் புத்தகமாக வெளியிட்டார்.

நியூனனில் இருந்தபோதே வான்கோ இந்த விதியைப் படித்துவிட்டார். அந்தக் கிராமமே நெசவாளர் நிறைந்த ஊர். தறியில் உட்கார்ந்த மனிதர்களை அவர் நிறைய வரைந்திருக்கிறார். ஆனால் அப்போது எதிர் நிறங்களை அவர் பெரும்பாலும் வண்ணத்தட்டில் ஒன்றோடொன்று கலந்தார். சிவப்பில் பச்சையைக் கலந்தால் இரண்டும் செத்து, சாம்பலும் பழுப்புமாக நூறு தினுசு கிடைக்கும். உயிருள்ள இருட்டு அது; அதில் அவர் கெட்டிக்காரராகவே இருந்தார். அதே இரண்டு நிறங்களைக் கலக்காமல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் என்ன ஆகும் என்பது இன்னும் கைக்கு வரவில்லை. அவருடைய நிற மாற்றத்தின் சூட்சுமம் முழுக்க இந்த ஒரு இடத்தில் இருக்கிறது. விதி ஒன்றே. ஒரு காலத்தில் கலந்தார், பின்னால் ஒட்டவைத்தார்.

பாரிஸில் பூ வரைந்த இரண்டு வருஷம்

1886 தொடக்கத்தில் பாரிஸுக்குப் போய்த் தியோவோடு தங்கினார். வெளிச்சத்தைப் பளிச்சென்ற நிறங்களில் பிடித்த இம்ப்ரெஷனிஸ்டு ஓவியர்களின் படங்களை நேரில் பார்த்தபோதுதான் தன் படங்கள் எவ்வளவு இருட்டு என்பது அவருக்கே உறைத்தது. ஆட்களை வைத்து வரையக் காசில்லை. அதனால் பூக்களை வரைந்தார். சிவப்புப் பாப்பி, நீலக் கார்ன்ஃபிளவர், ரோஜா, மஞ்சள் செவ்வந்தி என்று அடுக்கி, நீலத்துக்கு எதிரே ஆரஞ்சு, சிவப்புக்கு எதிரே பச்சை, மஞ்சளுக்கு எதிரே ஊதா என்று பழகுகிறேன் என்று நண்பர் ஒருவருக்கு எழுதினார். சங்கீதம் படிப்பவர்கள் விடியற்காலையில் வரிசை பாடுவது போன்ற சாதகம் அது. அந்தப் பூப்படங்களைப் பலரும் அழகுக்காக வரைந்தவை என்று நினைத்துக் கடந்துபோகிறார்கள். எனக்கு அவை சாதக நோட்டின் பக்கங்கள்.

அவரிடம் இருந்த ஒரு சின்னப் பொருளைப் பற்றியும் சொல்ல வேண்டும். சிவப்பு அரக்குப் பூச்சுள்ள ஒரு பெட்டி. உள்ளே கம்பளி நூல் உருண்டைகள். ஓர் உருண்டையில் இரண்டு மூன்று நிற நூல்களைச் சேர்த்துச் சுற்றியிருக்கிறார். கேன்வாஸில் வண்ணத்தைச் செலவழிப்பதற்கு முன்னால், எந்த நிறத்துக்குப் பக்கத்தில் எது நிற்கும் என்று நூலில் வைத்துப் பார்க்க அது உதவியது. அந்தப் பெட்டியும் உருண்டைகளும் இன்றும் பத்திரமாக இருக்கின்றன. கோபம் வந்தால் மஞ்சளை அள்ளிப் பூசியவர் என்று அவரைப் பற்றிப் பேசுபவர்களுக்கு இந்த நூல் உருண்டைகளைத்தான் காட்ட வேண்டும்.

பாரிஸில் இன்னொன்றும் நடந்தது. ஜப்பானிய மர அச்சுப்படங்களை அவரும் தியோவும் நூற்றுக்கணக்கில் சேர்த்தார்கள். நிழல் கிடையாது, தட்டையான நிறப் பரப்புகள், முன்னால் ஒரு மரம் படத்தையே குறுக்கே வெட்டிக்கொண்டு நிற்கும். அவற்றில் ஒன்றான, ஜப்பானிய ஓவியர் ஹிரோஷிகேயின் பூத்த பிளம் மரத்தை 1887இல் எண்ணெய் வண்ணத்தில் பார்த்து வரைந்தார். அந்த மரம் அடுத்த வருஷம் வேறொரு வயலில் முளைக்கப்போகிறது.

ஜூன் மாதம் விதைத்த கோதுமை

1888 பிப்ரவரியில் தெற்கே ஆர்ல் நகரத்துக்கு வந்தார். ஏப்ரலில் தியோவுக்கு அனுப்பிய வண்ணப் பட்டியலில் ஆரஞ்சு, மஞ்சள், எலுமிச்சை என்று மூன்று தினுசு குரோம், பிரஷ்யன் நீலம் என்ற அடர்நீலம், செவ்வரக்கு நிறங்கள், பச்சைகள் இருக்கின்றன. இவற்றில் ஏறக்குறைய எதுவுமே நம் டச்சு ஓவியர்களின் தட்டில் இருக்காது, ஆனால் முந்தைய தலைமுறைப் பிரெஞ்சு ஓவியரான தெலக்ருவாவிடம் இருக்கும் என்று சேர்த்து எழுதுகிறார். எல்லோரும் வேண்டாம் என்று ஒதுக்கும் எலுமிச்சை மஞ்சளும் பிரஷ்யன் நீலமும்தான் தெலக்ருவாவுக்கு உயிர் என்கிறார். இந்த இரண்டு பெயர்களையும் விட்டுவிடாதீர்கள். நவம்பரில் மறுபடி வரும்.

இந்த நிறங்களில் முக்கியமானவை அந்த நூற்றாண்டுத் தொழிற்சாலைகள் தந்தவை. குரோமியம் என்ற உலோகமே 1797இல்தான் கண்டுபிடிக்கப்பட்டது. அதற்குப் பிறகுதான் குரோம் மஞ்சள். வண்ணத்தை அடைத்து மூடும் தகரக் குழாய் 1841இல் வந்தது. குழாய் இல்லாமல் வயலில் உட்கார்ந்து எண்ணெய் வண்ணத்தில் வரைவது பெரும்பாடு. ஓர் ஓவியரின் நிறம் மாறுவதைப் பற்றிப் பேசும்போது மனதை மட்டும் பார்க்காமல் கடைப் பட்டியலையும் பாருங்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

ஜூனில் அறுவடை தொடங்கியது. வான்கோ மறுபடி விதைப்பவனை எடுத்தார். மிலேயின் விதைப்பவன் நிறமற்ற சாம்பல்தான், அவனை நிறத்தோடு, மஞ்சளுக்கும் ஊதாவுக்கும் உள்ள எதிர்நிலையில் வரைய முடியுமா என்பதே இப்போது கேள்வி என்று தியோவுக்கு எழுதினார். ஏழு வருஷமாக மனதில் இருந்த கேள்வி அன்றுதான் வாயைத் திறந்தது.

அந்தப் படம் இன்று நெதர்லாந்தில் ஓட்டர்லோவின் கிரோலர்-முல்லர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அடிவானத்தில் சூரியன் உட்கார்ந்திருக்கிறது. வானம் முழுக்க மஞ்சள். கீழே பாதிப் படம் உழுத மண். ஊதாவும் நீலமும், இடையிடையே ஆரஞ்சுக் கீற்றுகளும். தூரிகை இழுப்பு ஒவ்வொன்றும் ஒரு மண்கட்டி. அதன் மேல் விதைப்பவன் நடக்கிறான். மேலே மஞ்சள், கீழே ஊதா. ஒன்று மற்றொன்றை எரியவிடுகிறது. மஞ்சளும் ஊதாவும் இப்படி முட்டிக்கொண்டால் கண் எரிச்சல் அடையும் என்பதும் அவருக்குத் தெரியும். அதனால் ஆளின் கால்சட்டையை வெள்ளையாக வைத்திருக்கிறேன், கண் கொஞ்சம் இளைப்பாறட்டும் என்று நண்பர் எமில் பெர்னாருக்கு எழுதினார். எனக்கு அந்தக் கடிதத்தில் ரொம்பப் பிடித்த இடம் இதுதான். பார்ப்பவரின் கண் எப்போது களைக்கும் என்று கணக்குப் போட்டு ஓர் ஆளுக்குக் கால்சட்டை மாட்டியிருக்கிறார். அப்படியும் திருப்தி இல்லை. பிறகும் அந்தப் படத்தைத் திருத்திப் பூசினார்.

விவசாயம் தெரிந்தவர்கள் படத்தில் இன்னொன்றைக் கவனிப்பார்கள். பின்னால் கோதுமை முற்றி நிற்கிறது. முன்னால் ஒருவன் விதைக்கிறான். அந்த ஊரில் கோதுமை விதைப்பது இலையுதிர் காலத்தில், அறுப்பது ஜூனில். இரண்டும் ஒரே நாளில் ஒரே வயலில் நடக்காது. கண் எதிரே இருந்தது அறுவடை. விதைப்பவன் அவர் மனதிலிருந்து இறங்கி வந்தான். திரும்பி வரும் உருவத்தின் குணம் இது. ஓவியர் எங்கே போனாலும் அது கூடவே போய், எதிரே இருக்கும் காட்சிக்குள் தனக்கு ஓர் இடம் போட்டுக்கொள்ளும்.

நவம்பரில் அவன் மறுபடி வந்தான். பிரெஞ்சு ஓவியர் பால் கோகன் வந்து வான்கோவோடு தங்கியிருந்த நேரம். எலுமிச்சை மஞ்சளில் பெரிய வட்டமாகச் சூரியன், பச்சை கலந்த மஞ்சள் வானம், இளஞ்சிவப்பு மேகங்கள், ஊதா வயல், விதைப்பவனும் மரமும் பிரஷ்யன் நீலம். அவரே கடிதத்தில் தந்த பட்டியல் இது. ஏப்ரல் பட்டியலில் பார்த்த அந்த இரண்டு நிறங்களும் இங்கே நேருக்கு நேர் நிற்கின்றன. சூரியன் சரியாக விதைப்பவனின் தலைக்குப் பின்னால் இருக்கிறது. தேவாலயப் படங்களில் புனிதர்களின் தலையைச் சுற்றி வரும் ஒளிவட்டம் போல. ஒளிவட்டம் என்று வரையாமல் சூரியன் என்று வரைந்துவிட்டார். முன்னால் கொம்பு தறித்த ஒரு மரம் படத்தைக் குறுக்காக வெட்டுகிறது. ஹிரோஷிகேயின் பிளம் மரம் வந்து சேர்ந்த இடம் இது. நிழல் இல்லை. முகமும் தெளிவாக இல்லை. பாதிரியார் வீட்டு உவமை, மிலேயின் உழவன், ஷெவ்ரலின் நூல், ஜப்பானிய அச்சு என்று தனித்தனியாக வந்தவை எல்லாம் இந்த ஒரே கேன்வாஸில் கூடியிருக்கின்றன. இதை இரண்டு அளவுகளில் வரைந்தார். ஆம்ஸ்டர்டாமில் இருப்பது சின்னது. அகலம் நாற்பது சென்டிமீட்டர்தான். அந்தச் சூரியனைப் பார்த்தால் அப்படித் தோன்றவே தோன்றாது.

சூரியகாந்தியைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை போதும். பாரிஸில் 1887இல் அவர் வரைந்தவை அறுத்துப் போட்ட, விதை முற்றிய தலைகள். 1888 ஆகஸ்டில் ஆர்லில் அதே பூ ஜாடியில் ஏறி நிற்கிறது. அதில் ஒரு படத்தில் மஞ்சளுக்குப் பின்னாலும் மஞ்சள். எதிர் நிறத்தின் துணை பெரிதாக இல்லாமலே ஒரு நிறத்தை எவ்வளவு தூரம் நிறுத்த முடியும் என்று பார்த்த துணிச்சல் அது. விதைப்பவனிடம் கற்ற பாடம் இல்லாமல் அங்கே போயிருக்க முடியாது.

நாம் பார்ப்பது அவர் பூசிய நிறம்தானா?

நிறம் ஓவியர் இறந்த பிறகும் மாறும். ஆர்லில் அவர் வரைந்த படுக்கையறைப் படத்தை எல்லோரும் நீலச் சுவர் என்று அறிவோம். கடிதத்தில் அவர் சொல்வது வெளிறிய ஊதாச் சுவர். அதில் கலந்திருந்த சிவப்பு வெளிச்சம் பட்டு வெளுத்துப்போய் நீலம் மட்டும் மிச்சம். மஞ்சளுக்கு எதிரே ஊதா என்று கணக்குப் போட்டு அமைத்த அறை அது. அந்தக் கணக்கின் ஒரு பக்கம் இப்போது படத்தில் இல்லை. இந்தப் புது நிறங்கள் நிலைக்காது என்று அவருக்கே தெரியும். அதனால்தான் நிறங்களைக் கொஞ்சம் அதிகமாகவே அடித்துப் பூச வேண்டும், காலம் அதைத் தேவைக்கு மேல் தணித்துவிடும் என்று எழுதினார். அவருடைய நிறங்களைப் பற்றித் தீர்ப்புச் சொல்வதற்கு முன் படத்தோடு கடிதத்தையும் வைத்துப் பார்ப்பது நல்லது.

அறுப்பவன் வருகிறான்

1888 டிசம்பரில் நோய் முற்றியது. அடுத்த மே மாதம் செய்ன்-ரெமியில் இருந்த மனநல விடுதியில் தானே போய்ச் சேர்ந்தார். அறை ஜன்னலிலிருந்து சுற்றுச்சுவர் போட்ட ஒரு கோதுமை வயல் தெரிந்தது. அந்த வயலை அவர் மழையிலும் வெயிலிலும் திரும்பத் திரும்ப வரைந்தார். அதில் ஒரு நாள் வேறொரு மனிதன் வந்தான். கையில் அரிவாள்.

'அறுப்பவன்' படத்தில் ஏறக்குறைய எல்லாமே மஞ்சள். கதிர்கள் அலையாகச் சுருண்டு படம் முழுக்கப் பரவியிருக்கின்றன. அறுப்பவன் அதற்குள் ஒரு சின்னக் கீற்று. 1889 செப்டம்பரில் தியோவுக்கு எழுதினார்: இவனிடம் நான் மரணத்தைப் பார்க்கிறேன், மனிதர்கள்தான் இவன் அறுக்கும் கோதுமை, முன்பு நான் முயன்ற விதைப்பவனுக்கு இவன் நேர் எதிர், ஆனால் இந்த மரணத்தில் துயரம் எதுவும் இல்லை, பொன் வெயிலில் பட்டப்பகலில் நடக்கிறது.

மஞ்சள் என்றால் மகிழ்ச்சி, கறுப்பு என்றால் துக்கம் என்று அகராதி போட முடியாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. ஆர்லில் விதைப்பவனின் தலைக்குப் பின்னால் நின்ற அதே மஞ்சள் இங்கே சாவின் மேல் பொழிகிறது. உருவம் தன் எதிர் உருவத்தைத் தேடிக்கொண்டது. நிறம் இரண்டு பேருக்கும் பொதுவாக நின்றது.

இதே காலத்தில் அவர் தட்டில் நிறங்கள் கொஞ்சம் அடங்கின. காவியும் சாம்பல் பச்சையும் திரும்பி வந்தன; வடக்கே இருந்தபோது வைத்திருந்த வண்ணத்தட்டை மறுபடி தொடங்கலாமா என்றுகூட நினைத்தார். ஆலிவ் தோப்புகளில் இதைப் பார்க்கலாம். வளர்ச்சி என்றால் மேலே மேலே பிரகாசமாகிக்கொண்டே போவது என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். அவர் வழியில் பாதியில் விட்டுவந்ததைத் திரும்பிப் போய் எடுத்துக்கொண்டார்.

1890 மே மாதம் பாரிஸுக்கு அருகே ஓவேர் கிராமத்துக்குப் போனார். எழுபது நாட்களில் ஏறக்குறைய நாளுக்கு ஒரு படம். காகங்கள் பறக்கும் கோதுமை வயலை அவருடைய கடைசிப் படம் என்று இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அது கடைசிப் படம் இல்லை. மர வேர்களை வரைந்த ஒரு படத்தைத்தான் இப்போது ஆய்வாளர்கள் கடைசியாகக் கொள்கிறார்கள். இருண்ட வானத்தின் கீழ் வயல்களை வரைந்ததில் துயரத்தையும் தனிமையையும் சொல்ல முயன்றேன் என்று அவர் எழுதியது உண்மை. கிராமத்தில் உடலுக்கும் மனதுக்கும் தெம்பு தரும் எதை நான் காண்கிறேனோ அதையும் இந்தப் படங்கள் சொல்லும் என்று அதே கடிதத்தில் எழுதியதைப் பலர் விட்டுவிடுகிறார்கள்.

இரண்டு படங்களைப் பக்கத்தில் வைத்து

இதையெல்லாம் உங்கள் கண்ணாலேயே சரிபார்க்க ஒரு வழி சொல்கிறேன். செய்ன்-ரெமியில், 1889 இலையுதிர் காலத்தில், வெளியே போய் வரைய முடியாத நாட்களில் வான்கோ மறுபடியும் மிலேயின் அச்சுப்படங்களை வரவழைத்து எதிரே வைத்துக்கொண்டார். இருபதுக்கும் மேற்பட்ட படங்கள் வரைந்தார். பார்த்து எழுதுவது என்ற பேச்சுக்கே இடம் கொடுக்கவில்லை. பெத்தோவன் எழுதியதை ஒருவர் வாசிக்கும்போது அதில் தன் விளக்கத்தைச் சேர்ப்பதில்லையா, அதைப் போல கறுப்பு வெள்ளையை எதிரே வைத்துக்கொண்டு அதன் மேல் நிறத்தை மனோதர்மமாகப் போடுகிறேன், வயலின் தந்தி மேல் வில் போவது போலத் தூரிகை போகிறது என்று எழுதினார். அந்தப் படங்களில் ஒன்று 'விதைப்பவன்'. அதுவும் கிரோலர்-முல்லரில் இருக்கிறது.

அதையும் 1881ஆம் வருஷத்து மை வரைபடத்தையும் திரையில் பக்கத்தில் பக்கத்தில் திறந்து வையுங்கள். இரண்டுக்கும் மூலம் மிலேயின் அதே படம். முதலில் காலைப் பாருங்கள்: அதே நீள அடி. பிறகு கை: அதே வீச்சு. தொப்பி அதேபோலக் கண்ணை மறைத்திருக்கிறது, தோளில் அதே பை. இப்போது ஆளை விட்டுவிட்டு அவன் மிதித்து நடக்கும் மண்ணுக்கு வாருங்கள். ஒன்றில் மண் பேனாக் கோடு. மற்றொன்றில் தனித்தனித் தூரிகை இழுப்புகள், ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் வேறொரு நிறம். கொஞ்ச நேரம் அங்கேயே பார்த்துக்கொண்டிருங்கள்.